எட்டு ஓட்டைப் பெட்டியில் பெய்த மழை

சேக்காட்டில் எங்கள் தெருவில், மொட்டைமாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்காத வீடு ஒன்றுகூடக் கிடையாது. தரைத்தளம் கட்டும்போதே, நாளைக்கு மேலே ஒரு மாடி எடுப்போம் என்று தூண்களின் கம்பிகளை ஆளுயரத்துக்கு விட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொத்தனார் நம்மைக் கேட்கவே மாட்டார், அவராகவே விட்டுவிடுவார். கம்பியை வெட்டச் சொல்கிறவனை, 'இனிமேல் நான் முன்னுக்கு வரப் போவதில்லை' என்று எழுதிக் கொடுத்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். என் வீட்டுக் கம்பிகளும் அப்படித்தான் நிற்கின்றன. துருப்பிடிக்கக் கூடாதென்று முதலில் சிமென்ட் பால் அடித்தேன். பிறகு தலையில் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்தேன். பிறகு என் மனைவி கம்பிக்குக் கம்பி கொடி கட்டித் துணி காயப்போட ஆரம்பித்தாள். மேல்மாடி இன்னும் வரவில்லை. துணி மட்டும் காய்ந்துகொண்டிருக்கிறது.

ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிய கதையைச் சொல்ல வந்தவன் கம்பியைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று கேட்கலாம். வாங்கியவன் கம்பி விட்ட வீட்டுக்காரன். அதனால்தான்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்தேன். சம்பளம் நட்டு போல்ட்டுக் கணக்குப் பார்ப்பதற்கு. ஆனால் அங்கே எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மைக். ஆயுத பூஜையா, பணி ஓய்வு விழாவா, கேன்டீன் காண்டிராக்டர் மகளின் கல்யாண வரவேற்பா, எதுவானாலும் மைக் என் கையில்தான். ஓய்வு பெறுகிறவரைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் அவர் முதலில் சிரிப்பார், நடுவில் அழுவார், கடைசியில் 'இவ்வளவு நல்லவனா நான்?' என்று சந்தேகப்படுவார். அப்புறம் கம்பெனி வேறு மாநிலத்துக்குக் குடிபோயிற்று. எங்களை எல்லாம் ஒரே நாளில் அனுப்பினார்கள். எத்தனையோ பேருக்கு வழியனுப்பு விழா நடத்தியவன், என் முறை வந்தபோது மைக்கைத் தேடினேன். அதுவும் நாற்காலிகளோடு சேர்ந்து ஏலத்தில் போய்விட்டிருந்தது.

அன்றிலிருந்து ஒரு தொழிற்சாலை முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டிருந்த என் பேச்சு மொத்தமும் ஒரே ஆளின் காதில் விழத் தொடங்கியது. அந்த ஆள் என் மனைவி. அவள் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அப்பாவிடம் குட்டு வாங்கி வளர்ந்த வீட்டுப் பெண். ஒருநாள் நான் தோசைக் கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டே போனபோது அவள் சொன்னாள்: "ஏங்க, உங்களுக்கும் ஒரு சுவிட்ச் வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அந்த நேரத்தில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. கதைகளை ஒலியாக்கி வெளியிடும் ஒரு செயலிக்காரர்கள். போனில் நான் வாசித்து அனுப்பியிருந்த ஒரு பக்கத்தைக் கேட்டிருக்கிறார்கள். பேசியவர் ஓர் அம்மணி. பள்ளி ஆசிரியையைப் போல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"குரல் நல்லா இருக்கு சார். ஆனா போன்ல எடுத்தது எங்களுக்கு ஆகாது. ஒரு கதை அனுப்புறேன். நல்ல மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் வெச்சு, சுத்தமா பதிவு பண்ணி மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும். பிடிச்சிருந்தா மாசாமாசம் கதை வரும். உங்ககிட்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கில்ல?"

"ஓ, இருக்கே மேடம்!" என்றேன்.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: "எது இருக்குன்னு சொன்னீங்க?"

"தெரியல. ஆனா நம்மகிட்ட இருக்கு."

என்னவென்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்காருகிற ஒரு பெட்டி. மைக் பேசுவது கம்ப்யூட்டருக்குப் புரியாது. இந்தப் பெட்டி நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லும். முகப்பில் மைக் சொருக ஓட்டை, பக்கத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், பின்னால் யுஎஸ்பி வயர். அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' என்பதைச் சொல்ல இணையத்தில் எத்தனை வெள்ளைக்காரர்கள், எத்தனை வட இந்தியர்கள், எத்தனை மணி நேரம் பேசியிருக்கிறார்கள் தெரியுமா? நானே வாய் மூடாதவன். என்னையே வாய் மூட வைத்துவிட்டார்கள்.

ஒருவர் ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் வரும் ஒலி தேனைப் போல இருக்கிறது என்றார். அடுத்தவர் அதே பெட்டியில் மணல் இருக்கிறது என்றார். மூன்றாமவர் இரண்டு வேறு பெட்டிகளில் ஒரே வாக்கியத்தைப் பேசிக் காட்டி, 'வித்தியாசம் கேட்கிறதல்லவா?' என்றார். கேட்கவில்லை. திரும்பப் போட்டேன். அப்போதும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கோளாறு பெட்டியில் இல்லையா, என் காதிலா? காதே சரியில்லாதவனைக் கதை சொல்லக் கூப்பிடுவார்களா? உடனே ஒரு காதைப் பொத்திக்கொண்டு மிக்ஸியைக் கேட்டேன். மறு காதைப் பொத்திக்கொண்டு குக்கரைக் கேட்டேன். மனைவி எதுவும் கேட்கவில்லை. திருமணமாகி இத்தனை வருடங்களில் எதைக் கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

கடைசியில் எல்லோரும் சொல்வது ஒன்றே: 'உங்கள் தேவையைப் பொறுத்தது.' என் தேவை அசடு வழியாமல் இருப்பது. அதற்கென்று எந்தப் பெட்டியும் விற்கவில்லை.

எதிர்ப்பக்கத்து ஃபிளாட்டில், எங்கள் மாடிக்கு நேரெதிரே, கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவர் குடியிருக்கிறார். ஐடி வேலை. பாதி நாள் பால்கனியில் மடிக்கணினியோடு இருப்பார். ஒரு சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனவன், கம்பிகளுக்கு நடுவிலிருந்து அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"சேம்பிள் ரேட் பார்த்தீங்களாங்க சார்?"

"பார்த்தேன் தம்பி. ரேட்டு அதிகம்தான்."

"விலை இல்லீங்க சார். ஒரு செகண்டுக்கு உங்க குரலை எத்தனை தடவை அளந்து பார்க்குதுன்னுங்க. அப்புறம் லேட்டன்சி இருக்குதுங்க. நீங்க பேசுறது உங்க காதுக்கு வந்து சேர எவ்வளவு தாமதம்ங்கிறதுங்க."

"நான் பேசுறது எனக்கு உடனே கேட்டுடுதே தம்பி?"

"அது பெட்டி இல்லாததாலங்க சார்."

ஆக, இல்லாத ஒரு வியாதியைப் பெட்டி வாங்கி வரவழைத்துக்கொண்டு, அந்த வியாதி குறைவாக உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். இது எனக்குப் புரிந்தது. கார் வாங்கியபோதும் இப்படித்தான் நடந்தது.

மறுநாள் என் நண்பன் வந்தான். சென்னீர்குப்பத்திலிருந்து பைக்கில் வருவான். மெல்லிசைக் குழுவில், மேளத்துக்குப் பதிலாகத் தட்டுகிற எலக்ட்ரானிக் பேட் வாசிக்கிறவன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள கல்யாண மண்டபங்களின் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வாழ்நாளில் பாதியைக் கழித்தவன். அவனிடம் மூன்று படங்களைக் காட்டினேன். ஒரு ஓட்டைப் பெட்டி, இரண்டு ஓட்டைப் பெட்டி, எட்டு ஓட்டைப் பெட்டி.

"ஒரு வாய்க்கு ஒரு ஓட்டை போதாதா?" என்றாள் மனைவி, காபியை வைத்துக்கொண்டே.

"இன்னா அண்ணி இப்டி சொல்லிட்ட?" என்று அவன் பதறினான். "நைனா, நல்லா கேட்டுக்க. இன்னிக்கு நீ ஒருத்தன். நாளிக்கு பெரிய ஆளாயி கீற. நாலு பேர் வந்து நாடகம் பேசணும்ன்றான். ரெண்டு ஓட்ட வெச்சிகினு இன்னா பண்ணுவ? மீதி ரெண்டு பேர வாசல்ல நிக்க வெச்சு, டோக்கன் குடுத்து கூப்புடுவியா?"

"அது வந்து..."

"தபேலாவுக்கு மட்டும் ரெண்டு மைக் வேணும் மாமே! எட்டு ஓட்ட கீறத வாங்கு. ஓட்ட இருந்தா சும்மா கெடக்கும். இல்லன்னா எங்க போய் நோண்டுவ?"

எங்கள் வீட்டில் தபேலா கிடையாது. தபேலா வாசிக்கிறவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் கம்பி. அடுத்த வீட்டு மாடியில் கம்பி. தெரு முழுக்க நாளைக்கு நாளைக்கு என்று வானத்தைப் பார்த்து நிற்கிறது. இவர்கள் எல்லாம் முட்டாள்களா? எட்டு ஓட்டைப் பெட்டியை ஆர்டர் செய்தேன். பட்டனை அழுத்தும்போது நெஞ்சு கொஞ்சம் விரிந்ததை மறைக்க மாட்டேன்.

வந்து இறங்கியது பழைய கேசட் டெக் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. இரண்டு பக்கமும் காது போல இரும்புத் தகடு. முகப்பில் எட்டு ஓட்டை, எட்டுக் குமிழ். ஒவ்வொரு குமிழிலும் எவ்வளவு திருகியிருக்கிறது என்று காட்ட மெல்லிய வெள்ளைக் கோடு. புது வீட்டுக்குப் போனால் குழாய்களை எல்லாம் திறந்து பார்ப்போமில்லையா, அப்படி எட்டையும் கடைசிவரை திருகிப் பார்த்தேன். எல்லாம் வெண்ணெய் போலத் திரும்பின. திருப்தியாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புதுசாக வந்த எதுவும் பூஜை போடாமல் எங்கள் வீட்டில் மின்சாரம் குடிக்காது. ஃபிரிட்ஜுக்கு நடந்தது, மோட்டாருக்கு நடந்தது, இதற்கும் நடந்தது. மனைவி சந்தனம் குழைத்து, குமிழுக்கு ஒன்றாக எட்டுப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். வெள்ளைக் கோடு இருந்த இடம் நெற்றியைப் போல வாகாக இருந்தது. முடிந்தபோது பெட்டி, கல்யாணத்துக்குப் புறப்பட்ட எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்பதுபோல லட்சணமாக இருந்தது. கர்ப்பூரம் காட்டினேன். எலுமிச்சம்பழத்தின்மேல் எதை ஏற்றுவது என்று தெரியாமல் பிழிந்து ஜூஸ் குடித்தேன்.

அன்று மத்தியானம் நண்பன் வந்து எல்லாவற்றையும் மாட்டினான். சந்தனப் பொட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தான். மைக்கை முதல் ஓட்டையில் சொருகினான். முதல் குமிழை மட்டும் பொட்டு அழியாமல் ஓரமாகப் பிடித்து, என்னைப் பேசச் சொல்லி, அளவு பார்த்து வைத்தான். மைக்குக்கே மின்சாரம் அனுப்புகிற பட்டன் ஒன்று இருந்தது. அதை அழுத்தியபோது நான் பின்னால் நகர்ந்து நின்றேன்.

"பயப்படாத. மைக்குக்குத்தான் கரண்டு, உனக்கு இல்ல."

"வாயை அவ்வளவு பக்கத்துல வெக்கிறது நான்தானடா!"

"வெச்ச எடத்துல கை வெக்காத, அவ்ளோதான். எட்டு ஓட்டையும் ரெக்கார்டுல போட்டுட்டேன் நைனா. நீ எந்த ஓட்டைல சொருகினாலும் ஓடும். கவலயே வாணாம்."

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். என் குரலுக்குப் பின்னால் ஸ்ஸ்ஸ் என்று பரவலாக ஒரு சத்தம். எங்கோ தூரத்தில் தாளித்துக் கொட்டுவதுபோல. "ஏதோ சத்தம் வருதே?" என்று அவன் தலையில் ஹெட்போனை மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான். "சத்தமா? ஒண்ணியும் இல்லியே. சும்மா கண்ணாடி மாதிரி கீது" என்றான். இருபது கல்யாண சீசன் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற காது அது. அதில் கண்ணாடியே உடைந்தால்கூடக் கேட்காது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நானோ ஏற்கனவே என் காதின்மேல் சந்தேகத்தில் இருந்தவன். ஒருவேளை விலை அதிகமான பெட்டிகளின் சத்தமே இப்படித்தானோ, இதைத்தான் அந்த வெள்ளைக்காரர் தேன் என்றாரோ என்று சும்மா இருந்துவிட்டேன்.

பதிவு செய்வதற்குத் தெரு தூங்குகிற மத்தியான நேரம் வேண்டும். ஜன்னலைச் சாத்தி, மெத்தைகளை நிமிர்த்திச் சுவரோரம் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கதையில் ஒருவன் சித்திரை மாதக் கத்திரி வெயிலில், ஒரு வாய் தண்ணீர் கிடைக்காமல் ஊர் ஊராக நடக்கிறான். எனக்கு நடிக்கவே தேவையிருக்கவில்லை. அந்த அறையில் வியர்த்த வியர்வைக்கு அவனைவிட நான்தான் பாவம்.

முதல் பத்தியில் வெங்காய வண்டி வந்தது. வண்டியின் மேல் ஸ்பீக்கர். 'வாங்கம்மா வாங்க, நாட்டு வெங்காயம், பெரிய வெங்காயம்' என்று பதிவு செய்த குரல். நான் வாசிப்பதை நிறுத்தி ஜன்னலருகே போய்க் கேட்டேன். என்ன ஒரு தெளிவு! ஒரு இரைச்சல் இல்லை, ஒரு எச்சில் சத்தம் இல்லை. எந்தப் பெட்டியில் பதிவு செய்தார்களோ! வெங்காயத்தின்மேல் பொறாமைப்பட்டவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்புறம் தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்தது, அதற்கான பாட்டோடு. அப்புறம் ரயில் ஊதியது. அப்புறம் மனைவி கதவைத் திறந்து, "மோர் வேணுமா?" என்றாள், தாகத்தில் அவன் சாகப் போகும் இடத்தில். எப்படியோ முடித்து, அனுப்பினேன். அனுப்பிவிட்டு, பணி ஓய்வு விழாவில் மாலை போட்டுக்கொண்டவனைப் போல வீட்டுக்குள் இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன்.

அம்மணி அழைத்தார்.

"குரல் பிரமாதம் சார். ஆனா ஏன் மழை போட்டீங்க?"

"மழையா?"

"பின்னாடி மழை எஃபெக்ட் போட்டிருக்கீங்களே. கதை சித்திரை மாசம் சார். அவன் ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம தவிக்கிறான். பின்னாடி கொட்டோ கொட்டுன்னு மழை கொட்டுது. வாயைத் திறந்து மேல பார்த்தா அவன் பிழைச்சிருப்பானே சார்!"

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிடும். அதுதான் அதன் பழக்கம். "அது மேடம்... அவன் மனசுக்குள்ள பெய்யிற மழை" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் காகிதம் புரட்டுவது தெளிவாகக் கேட்டது. அங்கே மழை இல்லை.

"மனசுல எல்லாம் வேண்டாம் சார். மழை இல்லாத பதிவு உங்ககிட்ட தனியா இருக்குமில்ல, அதை நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. வேற ரெண்டு பேர் குரலும் வந்திருக்கு. கேட்டுட்டு முடிவு பண்ணிடுவோம்."

"ஓ, இருக்கே மேடம்!" என்றேன், மறுபடியும்.

அதன் பிறகு என் வீட்டில் நடந்ததை மழை நிவாரணப் பணி என்றுதான் சொல்ல வேண்டும். மழை எங்கிருந்து பெய்கிறது? ஃபிரிட்ஜை நிறுத்தினேன். பெய்தது. இன்வெர்ட்டரைக் கழற்றினேன். பெய்தது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை எடுத்தேன். அப்போதும் பெய்தது. பால்கனித் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சபையில் உட்கார்ந்த வித்வானைப் போலத் தலையை ஆட்டிவிட்டு, "எர்த் சரியில்லீங்க சார். நிச்சயமா எர்த்துங்க" என்றார். எர்த் என்றால் எங்கள் தெருவில் வைத்தியம் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி இருக்கிறது. கல்லுப்பையும் தண்ணீரையும் கலந்து, வேட்டி நனைய நனைய அதில் ஊற்றினேன். திரும்பி வந்து கேட்டேன். மழை கொஞ்சம் வலுத்தாற்போல இருந்தது.

நண்பனுக்குப் போன் செய்தேன். "மழ எங்க நைனா பெய்து? பூந்தமல்லி பக்கம் நல்ல வெயிலு" என்றான்.

இரவெல்லாம் புரண்டுவிட்டு, காலையில் எழுந்தபோது ஒரு யோசனை இருந்தது. கதை எழுதியவரை அழைத்து, அந்த ஆள் ஒரு மழைநாளில் தண்ணீர் தேடுவதாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்பது. மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. நான் எதைச் சொன்னாலும் ஒரு பதில் அடி கொடுக்கிறவள், "இந்த வேலை உங்களுக்குக் கிடைக்கணும்ங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "எனக்காகவாவது" என்று சேர்த்துக்கொண்டாள்.

மத்தியானம். நான் ஹெட்போனோடு, கண்ணை மூடிக்கொண்டு, மழைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அனுப்ப வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு குரல்காரர்களும் வெயிலில் சொகுசாகப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. அப்போது மழை கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். படிப்படியாகக் குறைந்து, சட்டென்று நின்றுவிட்டது. எதுவுமே இல்லை. என் மூச்சுகூடக் கேட்கவில்லை. 'போச்சு, காது போச்சு' என்று அலறினேன். அலறியதுகூட ஹெட்போனில் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தால், மனைவி ஈரத் துணியோடு பெட்டிக்கு முன்னால் நிற்கிறாள். காய்ந்து உதிர்கிற சந்தனம் மேசையெல்லாம் கொட்டுகிறதென்று துடைக்க வந்திருக்கிறாள். ஹெட்போனை இறக்கினேன்.

"என்ன பண்ணின?"

"அணைச்சேன். பொட்டைத் துடைச்சா உள்ள கோடு தெரியுது. ஒண்ணைத் தவிர எல்லாக் கோடும் ஃபுல்லுல நிக்குது. ஏங்க, பாத்திரமே வெக்காம ஏழு அடுப்பை எரியவிட்டிருக்கீங்களே, இது அடுக்குமா?"

நான் எட்டு ஓட்டைகளையும் பார்த்தேன். ஒன்றில் மைக். மற்ற ஏழும் வாயைத் திறந்துகொண்டு, முழு வேகத்தில், எதுவுமில்லாததைக் கேட்டுக் கேட்டு, அதை ஒன்றோடொன்று கூட்டிப் பெரிதாக்கிப் பதிவில் கொட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. எர்த் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. நாளைக்கு வரப்போகிற தபேலாக்காரருக்காக நான் திறந்துவைத்த ஏழு கதவு வழியாகத்தான் அத்தனை மழையும். அதை நாங்களே சந்தனம் பூசி மறைத்திருக்கிறோம்.

அணைத்த வேகத்தில் முதல் அடுப்பையும் சேர்த்து அணைத்துவிட்டிருந்தாள். அதனால்தான் எனக்குக் காது போயிற்று. அதை மட்டும் மெல்லத் திருகினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். என் குரல் மட்டும் கேட்டது. பக்கத்தில் யாரும் இல்லாமல், தனியாக, கிட்டத்தில். கம்பெனியில் எத்தனையோ மைக்கில் பேசியிருக்கிறேன். அதெல்லாம் என் குரலும் கைதட்டலும் கலந்து வந்ததுதான். என் குரல் இப்படித்தான் இருக்கிறதா என்று ஒரு கணம் கூச்சமாக இருந்தது. மனைவிக்கும் மாட்டிவிட்டேன். கேட்டுவிட்டு, "பரவாயில்ல, நல்லாத்தான் பேசுறீங்க" என்றாள், புதிதாக அறிமுகமானவனிடம் சொல்வதுபோல.

மெத்தைகளை நிமிர்த்தி, விசிறியை நிறுத்தி, முழுக் கதையையும் மறுபடி வாசித்தேன். இம்முறை அவன் ஒழுங்காகத் தாகத்தில் தவித்தான். மோருக்காகக் கதவு திறக்கப்படவில்லை. வெங்காய வண்டி மட்டும் வந்தது. அதனால் கடைசிப் பத்தியை மட்டும் இரண்டாவது முறை எடுத்தேன். அனுப்பிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். போன் கையிலேயே இருந்தது. வந்த அழைப்புகளில் ஒன்று கடன் வேண்டுமா என்றது. இன்னொன்று, எட்டு ஓட்டைப் பெட்டி பிடித்திருந்ததா, நட்சத்திரம் எத்தனை தருவீர்கள் என்றது.

அம்மணி மறுநாள்தான் அழைத்தார்.

"உங்களையே போட்டுட்டோம் சார். முதல் கதை இப்பவே அனுப்புறேன். வெள்ளத்துல மாட்டிக்கிட்ட ஒரு குடும்பம். முழுக்க முழுக்க மழைதான். போன தடவை ஒரு மழை போட்டீங்களே, அது அவ்வளவு இயல்பா இருந்துச்சு. எங்க பசங்க இணையத்துல எங்கெல்லாமோ தேடியும் அந்த மாதிரி கிடைக்கல. எங்க வாங்கினீங்க சார்?"

"வாங்கல மேடம். வீட்டுலயே செஞ்சது" என்றேன்.

நண்பனுக்குச் செய்தி சொன்னேன். "நான் சொல்லல? எட்டு ஓட்ட வேல செய்யும்னு நான் அன்னிக்கே சொல்லல?" என்றான். சொன்னான்தான். எதற்கு வேலை செய்யும் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்று மத்தியானமே வேலையை ஆரம்பித்தேன். நல்ல வெயில். ஏழு குமிழ்களையும் ஒவ்வொன்றாகக் கடைசிவரை திருகி, நாலு நிமிடம் மழையைப் பதிவு செய்தேன். அது ஹெட்போனில் கேட்டது. அறையில் எப்படிக் கேட்கும் என்று தெரிய வேண்டுமே என்று ஸ்பீக்கரில் ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டினேன். நல்ல கார்த்திகை மாத அடைமழை. வீடு முழுக்கக் கொட்டியது. நானே ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். மனைவி, "ஐயோ, துணி!" என்று கத்திக்கொண்டே மாடிப்படியில் ஓடுவது கேட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். மேலே போய்ப் பார்த்தால், கண்ணைக் கூச வைக்கிற வெயிலில், கம்பிகளுக்கு நடுவில், என் சட்டைகள், அவள் புடவை, ஒரு போர்வை எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

எதிர் பால்கனியிலிருந்து கோயம்புத்தூர்த் தம்பி எட்டிப் பார்த்தார். "ஏனுங்கக்கா, மழை வருதுங்களா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு சட்டையை எடுத்து உதறி, மறுபடி கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஆமா தம்பி. கீழ பெய்யுது."